குமரகத்தின் கொல்லைப்புறம்

சத்தம் போடாமல் வாங்க. முன்வாசல் வேண்டாம், அது ஒன்பதரை மணிக்கு வரப்போகிற விருந்தாளிகளுக்கு. நாம் இப்படி, வாழைமரங்களுக்கு நடுவே புகுந்து அடுக்களைப் பக்கமாகப் போகலாம். காலடியில் கவனம், மீன் செதில் கிடக்கிறது. வாத்து ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். கண்டுகொள்ளாதீங்க, அதற்கு எல்லோரிடமும் அப்படித்தான்.

காலை ஆறரை. கோட்டயம் மாவட்டம், குமரகம், வேம்பநாட்டு ஏரியின் கிழக்குக் கரை. சுற்றுலா வருகிறவர்களைச் சின்ன வள்ளத்தில் ஏற்றி வாய்க்கால் வாய்க்காலாகக் கூட்டிப்போகிறார்கள். ஒரு வீட்டில் ஓலை முடைவது, அடுத்த வீட்டில் கயிறு திரிப்பது, அதற்கடுத்த திருப்பத்தில் கள் இறக்குவது என்று 'கிராம வாழ்க்கை அனுபவம்' நடக்கிறது. அதற்குத் திரை விலகுவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தைப் பார்க்கத்தான் நாம் வந்திருக்கிறோம். வழிகாட்டித் தம்பியை நச்சரித்துத்தான் இந்த அனுமதியை வாங்கினேன். "பின்னாடி பார்க்க என்ன இருக்கு சேச்சி, பாத்திரம்தான் கிடக்கும்" என்றார். அந்தப் பாத்திரத்தைத்தான் பார்க்கணும் என்றேன். சிரித்துவிட்டு, "அப்போ ஆறரைக்கே வரணும்" என்றார்.

முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி கல்யாண வீடு இருக்குமே, அப்படி இருக்கிறது கொல்லைப்புறம். கொடியில் பள்ளிச் சீருடை, அதற்குப் பின்னால் ஒதுக்கமாக மற்ற துணிகள். கேஸ் சிலிண்டர். டி.வி. வந்த அட்டைப்பெட்டி, அதற்குள் குட்டிகளோடு ஒரு பூனை. நடுவில் வீட்டுக்காரச் சேச்சி, நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாக. "ஒன்பது மணிக்குச் செட்டு முண்டு உடுத்திப்பேன். அதுவரைக்கும் இதுதான்" என்று நைட்டியைத் தட்டிக் காட்டுகிறார். கேரளக் கிராமத்தின் உண்மையான அன்றாட உடை நைட்டிதான் என்று எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை. நான் சொல்லிவிட்டேன்.

இப்போது இங்கே ஒரு தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைத் தென்னைக்குப் பின்னால் உருட்டிவிட வேண்டும் என்கிறார் சேச்சி. "வேண்டாம், இருக்கட்டும். நீங்க தண்ணி பிடிக்கிற டிரம்தானே?" என்கிறார் வழிகாட்டி. "பார்க்க அசிங்கமா இருக்குடா." "போன மாசம் வந்த வெள்ளைக்காரம்மா அதைத்தான் நாலு பக்கமும் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தாங்க." சேச்சி யோசிக்கிறார். டிரம் இருந்த இடத்திலேயே நிற்கிறது, ஆனால் இப்போது துடைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

டிரம் சும்மா நிற்கவில்லை. சுற்றிலும் தண்ணீர், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை என்பது இந்தப் பக்கத்து ஊர்களின் பழைய பல்லவி. குழாயில் வரும்போது பிடித்து வைத்தால்தான் உண்டு. இதோ, குழாய் இருமுகிறது. அடுத்த நிமிடம் ஓலை, கயிறு, விருந்தாளி எல்லாம் மறந்து வீடே குடத்தோடு ஓடுகிறது. என் கையிலும் ஒரு குடத்தைத் திணித்துவிட்டார்கள். பரம சந்தோஷம் எனக்கு!

மூச்சு வாங்கிக்கொள்கிற நேரத்தில் கொஞ்சம் பழங்கதை. 2000-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் பிரதமர் வாஜ்பாய் ஓய்வெடுக்க இங்கே வந்து தங்கினார். இங்கிருந்தே கட்டுரையும் எழுதினார். நாடு முழுவதும் குமரகம் என்ற பெயர் பரவியது. ஏரிக்கரையில் ரிசார்ட்டுகள் வரிசை கட்டின. கரைக்கு மதில் வந்தது, சில வயல்களுக்கு மண் வந்தது, ஊருக்கு என்ன வந்தது என்ற கேள்வியும் வந்தது. மீன்பிடிக்கிறவர் தன் ஏரிக்குப் போகச் சுற்றி நடக்க வேண்டியிருந்தால் கோபம் வராதா? 2002-இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் கூடியவர்கள் 'பொறுப்புள்ள சுற்றுலா' என்று ஒன்றைப் பேசி ஓர் அறிக்கை எழுதினார்கள். குடியிருப்பவர்களுக்கு நல்ல இடமாக்கு, பார்க்க வருகிறவர்களுக்கும் நல்ல இடமாக்கு என்பது அதன் சாரம். கேரள அரசு அதைக் கையில் எடுத்து கோவளம், தேக்கடி, வயநாடு, குமரகம் என்று நான்கு இடங்களில் சோதித்துப் பார்த்தது. 2008-இல் குமரகத்தில் சூடு பிடித்தது. அறிக்கை எழுதியவர்கள் இந்த டிரம் தகராறைப் பார்த்திருந்தால் மிகவும் ரசித்திருப்பார்கள்.

சரி, மேடைச் சாமான்களைப் பார்ப்போம். நடுவே கிழித்த தென்னோலை நேற்றே வாய்க்காலில் ஊறப்போட்டது, காய்ந்த ஓலை விரலுக்கு வளையாது. தாழை மடலின் முள்ளைச் சீவி எடுத்து, வேகவைத்துக் காயவைத்துச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், பாய் பின்ன. ஓரத்தில் கயிறு திரிக்கிற ராட்டு, அதன் பக்கத்தில் பொன்னிறத்தில் பெரிய நார்க்கட்டு. "இது உள்ளூர் நாரா சேச்சி?" என்று கேட்டதுதான் தாமதம், எல்லோருக்கும் சிரிப்பு. "உங்க ஊர்ச் சரக்கு மோளே! பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்து லாரியில வருது!"

நிஜம்தான். கேரளத்துக் கயிற்றுத் தொழில் இப்போது பெரிதும் நம் ஊர் நாரை நம்பித்தான் ஓடுகிறது. முன்பெல்லாம் தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் தண்ணீரில் புதைத்து அழுகவிட்டு, அடித்து நார் எடுப்பார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அம்மச்சி, இந்த வீட்டுப் பாட்டி, அதைச் செய்து வளர்ந்தவர். "அந்த நாத்தம் இருக்கே, கையை எத்தனை தடவை கழுவினாலும் சோறு மணக்காது. அதைக் காட்டினா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்று வெற்றிலையை மடிக்கிறார். பாரம்பரியத்தில் எதைக் காட்டலாம், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிற உரிமை அதைச் சுமந்தவருக்குத்தான் இருக்கிறது. அம்மச்சி முடிவு செய்துவிட்டார்.

வாய்க்காலில் கூச்சல். ஓடுங்க, முக்கியமான காட்சி!

இரவு அடித்த காற்றில் பாயல் வந்து வழியை அடைத்துவிட்டது. நம் ஆகாயத்தாமரையும் இன்னொரு மிதக்கும் பாசியும் சேர்ந்த பச்சைக் கூட்டம், தண்ணீரே தெரியவில்லை. இரண்டு பேர் வள்ளத்தில் நின்று கழுக்கோலால் தள்ளுகிறார்கள். கரையில் மூன்று பெண்கள் கம்பில் வளைத்து இழுத்துப் போடுகிறார்கள். முழங்கால்வரை சேறு, முகமெல்லாம் வியர்வை, வாய் மட்டும் ஓயவில்லை. ஒருவர் வழுக்கி உட்கார, "விருந்தாளி வந்தப்புறம் விழுந்திருந்தா டிப்ஸாவது கிடைச்சிருக்கும்" என்று இன்னொருவர்.

இந்தப் பாயலுக்கும் ஒரு கதை உண்டு. உப்புத் தண்ணீர் ஏறினால் இது கருகிவிடும். ஆனால் உப்பு ஏறினால் நெல்லும் போய்விடும். அதனால் ஏரிக்குக் குறுக்கே தண்ணீர்முக்கத்தில் தடுப்பணை கட்டி, கோடையில் கதவை மூடிவிடுகிறார்கள். நெல் பிழைக்கிறது, கூடவே பாயலும் கொழிக்கிறது. நெல்லுக்கு இறைக்கும் நீர் புல்லுக்கும் பொசிகிற கதைதான், இங்கே புல் ரொம்பவே பெரியது. படகு வராத காலத்தில் இதை யார் அள்ளினார்கள் என்று கேட்டேன். "யார் அள்ளுவா? கொசுதான் குடியிருந்தது" என்றார் சேற்றில் நிற்கிற பெண். இப்போது படகு போக வேண்டும், அதனால் வாய்க்கால் ஓட வேண்டும். வாய்க்கால் ஓடுவதால் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் தேங்குவதில்லை, பிள்ளைகள் மறுபடி நீச்சல் பழகுகிறார்கள். வள்ளத்துக்காகத் திறந்த வழியில் முதலில் போனவர் மீன்கூடையோடு வந்த பக்கத்து வீட்டுத் தாத்தா. கட்டணம் கிடையாது!

திரும்பி வரும்போது வீட்டுச் சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு. 2018 ஆகஸ்ட் வெள்ளம் விட்டுப்போனது. மற்ற சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்தவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே புதுசாக ஓடு பதித்த குளியலறை. விருந்தாளிகளுக்காகக் கட்டியது, உட்காரும் வகைக் கழிப்பறை. அதை அதிகம் பயன்படுத்துகிறவர் முட்டிவலிக்கார அம்மச்சி. "வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு சொல்லித்தான் மகனைக் கட்ட வெச்சேன். எனக்குன்னு கேட்டிருந்தா அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொல்லியிருப்பான்" என்று என் காதில் சொல்கிறார். மகன் பக்கத்தில்தான் நிற்கிறார். அவருக்கும் கேட்டிருக்கும்.

எட்டரை மணிக்குப் பச்சைச் சட்டை போட்ட இரண்டு பெண்கள் சாக்கோடு வருகிறார்கள், ஹரித கர்ம சேனைக்காரர்கள். வீடு வீடாகப் போய் பிளாஸ்டிக்கை வாங்கிக்கொள்வது இவர்கள் வேலை. மாதத்துக்கு வீட்டுக்கு 50 ரூபாய். கேரளம் முழுக்க இந்த ஏற்பாடு உண்டு. இங்கே கூடுதலாக ஒரு மிரட்டல் இருக்கிறது: "கழுவித் தரலைன்னா போட் வர்ற நேரத்துல திண்ணையிலேயே கொட்டிடுவேன்." சேச்சி பால் கவர்களை அவசரமாக அலசுகிறார்.

ஒன்பதே கால். நைட்டி மறைந்தது, செட்டு முண்டு வந்தது, தலையில் முல்லை. வள்ளத்தின் சத்தம். நாம் அடுக்களை ஜன்னலுக்குப் பின்னால் பதுங்கிக்கொள்வோம்.

இங்கிருந்து பார்த்தால் தமாஷே வேறு. ஓலை முடைகிற சேச்சியின் கை வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. வேகமாக முடைந்தால் அவர்களுக்குப் புரியாதாம், முடியாதென்று கையையே நீட்டமாட்டார்களாம். மெதுவாகச் செய்வதும் ஒரு தேர்ச்சிதான். விருந்தாளியின் கோணல் முடைச்சலைக் கைதட்டிப் பாராட்டுகிறார், அவர் திரும்பியதும் இரண்டே இழுப்பில் சரிசெய்கிறார். தென்னையில் ஏறுகிற அண்ணன் எலும்பால் பாளையைத் தட்டித் தாளம் போடுகிறார். காலையும் மாலையும் ஏறுவது கள்ளுக்கு, இந்தப் பத்து மணி ஏற்றம் கேமராவுக்கு என்று இறங்கியதும் என்னிடம் கண்ணடிக்கிறார். "இது பொய்தானே?" என்று வம்புக்கிழுத்தேன். "மரம் நிஜம், நான் நிஜம், விழுந்தா அடிபடறதும் நிஜம்" என்று அடுத்த மரத்துக்கு நடந்தார். எனக்குப் பதில் வரவில்லை.

விருந்தாளிகள் இளநீர் குடித்துக் கிளம்பியாயிற்று. அது அவர்கள் பொழுது. நாம் காய்கறி நிறுக்கிற இடத்துக்குப் போவோம். எனக்கு மிகவும் பிடித்துப்போனது இதுதான்.

ஒரு சின்ன அறை, ஒரு தராசு, நோட்டுப் புத்தகத்தோடு குடும்பஸ்ரீ பெண்கள். 1998-இல் கேரள அரசு தொடங்கிய மகளிர் குழு அமைப்பு இது. சேனை, வெள்ளரி, புடலை, வாழைப்பூ, கட்டுக்கட்டாகக் கீரை, வாத்து முட்டை எல்லாம் வந்து இறங்குகின்றன. பக்கத்து விடுதிகளின் சமையலறைக்குப் போகிறவை. கேரளத்துச் சமையலறைக்கு ஒட்டன்சத்திரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் லாரி போவது நமக்குத் தெரிந்த கதைதானே? ரிசார்ட்டின் வாசலில் வசித்த விவசாயிக்கு அந்தச் சமையலறையில் இடமே இல்லாமல் இருந்தது. ஊராட்சி, விடுதிக்காரர்கள், விவசாயிகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து விலைக்கு ஒரு குழு, தரத்துக்கு ஒரு குழு என்று போட்ட பிறகுதான் உள்ளூர்க் காய் உள்ளே போனது. தரிசாகக் கிடந்த நிலத்தில் பெண்கள் குழுக்கள் இறங்கின. இந்த முயற்சிக்காகத்தான் கேரளச் சுற்றுலாத்துறைக்கு ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் 2013-ஆம் ஆண்டு யுலிசிஸ் விருது கிடைத்தது. நம் லாரிக்காரர்கள் என்னை மன்னிக்கட்டும், நார்க்கட்டில் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

விருது மேடையில் இருந்தவர்கள் இந்தப் புடலங்காயைப் பார்த்திருக்க மாட்டார்கள். வளைந்து நெளிந்து எட்டுப் போட்டுக்கிடக்கிறது. விடுதியிலிருந்து வந்த இளைஞர் "இதை எடுக்க முடியாது" என்கிறார். "ஏன், நறுக்கினா வட்டம்தானே வரும்?" என்கிறார் நோட்டுப் புத்தகக்காரச் சேச்சி. "செஃப் திட்டுவார் சேச்சி." "செஃபுக்கு நான் ஃபோன் போடறேன்." போட்டே விட்டார்! ஸ்பீக்கரில் ஐந்து நிமிடம் பஞ்சாயத்து. முடிவு: வளைந்த புடலை விடுதி ஊழியர்களின் சாப்பாட்டுக் கணக்கில் போகும், அரை விலை இல்லை, முழு விலை. தராசுக்குப் பின்னால் கைதட்டல். நானும் தட்டினேன். நடுநிலை எல்லாம் எனக்கு எதற்கு?

எல்லாம் முல்லைப்பூவாக மணக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஏரியில் படகுவீடுகள் விடுகிற கழிவு பெரிய தலைவலி. மதில்கள் மதில்களாகவே இருக்கின்றன. நான் கண்ணால் பார்த்த இன்னொன்றும் உண்டு. வள்ளம் போகிற வாய்க்காலுக்கு இணையாகப் பின்னால் இன்னொரு வாய்க்கால் ஓடுகிறது, இல்லை, ஓடவில்லை. அதே ஊர், அதே அகலம். இரு கரையும் முட்டப் பாயல். கால் வைத்தால் நடந்துவிடலாம் என்று தோன்றும். அங்கே ஒரு வீட்டுப் பெண் துணி அலச இந்தப் பக்கம் வந்து போகிறார். விருந்தாளியின் கண் படுகிற இடம் மட்டும்தான் ஊர் என்றால், கண் படாத இடத்தில் குடியிருப்பவருக்கு என்ன வழி?

இதைக் கேட்டபோதுதான் வழிகாட்டித் தம்பி தன் தந்திரத்தைச் சொன்னார். "வழியை மாத்திக்கிட்டே இருக்கணும் சேச்சி. அடுத்த சீசன்ல போட் இந்தப் பக்கம்தான் வரும்னு முன்னாடியே சொல்லிடுவேன். ஊராட்சியில பேச்சு எழும், கரைக்காரங்களும் கேட்க ஆரம்பிப்பாங்க, பாயல் தன்னால வெளியே போகும்." வைக்கம் பக்கத்து மறவன்துருத்தில் இதையே ஊர்த் திட்டமாகச் செய்திருக்கிறார்கள். அடைந்துகிடந்த வாய்க்கால்களைத் தூர்வாரி, அந்த வாய்க்கால்களையே கயாக் விடுகிற இடமாக்கிவிட்டார்கள். பக்கத்து அய்மனமும் வீட்டுவாசலையும் வயலையும் நம்பித்தான் விருந்தாளிகளைக் கூப்பிடுகிறது. அருந்ததி ராயின் நாவல் வழியே உலகம் அறிந்த ஊர் அது. பெரிய அருவியோ கோட்டையோ இல்லாத ஊருக்கு அதன் வாய்க்கால்தான் முதல். அது நாறினால் வியாபாரமும் நாறும் என்பதால், சுத்தம் இங்கே உபதேசமாக இல்லாமல் கணக்காக இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது, உபதேசத்தை விட அதிக நாள் நிற்கும்.

மாலை ஐந்தரை. கடைசியாக ஓர் அறைக்குள் எட்டிப்பார்ப்போம், ஆண்களுக்கு அனுமதி இல்லை, நீங்கள் ஜன்னலோரம் நில்லுங்கள். பெண்களின் சிங்காரி மேளக் குழு தயாராகிறது. இன்று ஒரு விடுதியில் வாசிப்பு. காலையில் சேற்றில் நின்று பாயல் இழுத்த பெண்ணை முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. கசவுப் புடவை, கண்ணில் மை, உள்ளங்கையில் கொப்புளத்துக்கு பிளாஸ்திரி. ஊக்குக்கு அடிதடி. செண்டையின் வார் தோளை அறுக்காமலிருக்க ரவிக்கைக்குள் மடித்த கைக்குட்டை. தையல் மெஷின் மேல் இலைத்தாளங்கள், நாற்காலிக்கு அடியில் யாரோ கொண்டுவந்த வேகவைத்த கப்பை, அதாவது நம் மரவள்ளிக்கிழங்கு, எல்லோரும் நின்றபடியே பிய்த்துத் தின்கிறார்கள். ஆரம்பத்தில் கணவர்கள் கிண்டல் செய்தார்களாமே என்று கேட்டால், "இப்போ செண்டையைத் தூக்கி வேன்ல ஏத்தறதே அவங்கதான்" என்று வாசலைக் காட்டுகிறார்கள். அங்கே இரண்டு பேர் வியர்க்க விறுவிறுக்க ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

வழிகாட்டித் தம்பி ஃபோனோடு ஓடிவருகிறார். நாளை மதுரையிலிருந்து ஒரு பெரிய குடும்பம், இரண்டு பாட்டிகள், கள் வேண்டாம், மேளம் வேண்டும். பின் வாய்க்கால்காரர்களும் கூப்பிட்டார்களாம், அவர்கள் கரையில் எப்போது மேளம் என்று கேட்டு.

"பாயலை அள்ளி முடிக்கச் சொல்லு, அன்னிக்கே வர்றோம்" என்று வாயில் கப்பையோடு கத்துகிறார் குழுத் தலைவி. "அள்ளறதுக்கு ஆள் பத்தலைன்னா, ஞாயித்துக்கிழமை நாங்களும் வர்றோம். ஆனா அன்னிக்கு நைட்டிதான், ஃபோட்டோ கிடையாது!"

வேன் ஹார்ன் அடிக்கிறது. ஊக்கு இன்னும் ஒன்று குறைகிறதாம், உங்களிடம் இருக்கிறதா?